நாஸ் பெட்டியில் டிஸ்க் 53 டிகிரி: சேலம் வெயிலில் எதுவரை விடலாம்?

அம்மாபேட்டை_மாடிவீடு கேட்டது:

வணக்கம் நண்பர்களே. வீட்டில் இரண்டு பே (டிஸ்க் செருகும் இடம்) உள்ள சினாலஜி நாஸ், அதாவது நெட்வொர்க் வழியாக ஃபைல் சேமிக்கும் பெட்டி ஒன்று, 24 மணி நேரமும் ஓடுது. உள்ளே இரண்டு 4 டிபி டிஸ்க், நாஸுக்கென்றே விற்கும் ரகம், 5400 ஆர்பிஎம், ரெய்டு 1 (ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் நகலாகும்). வீடு அம்மாபேட்டையில் மேல்மாடி, தலைக்கு மேல் நேராக கான்கிரீட் தளம். நாஸ் இருப்பது டிவிக்குக் கீழே உள்ள மர அலமாரித் தட்டில். முன்னால் கண்ணாடிக் கதவு, பின்னால் ஒயர் போக ஒரு ஓட்டை. ரவுட்டரும் யுபிஎஸ்ஸும் அதே தட்டில்தான்.

மதியம் 3 மணிக்கு அறையில் 36 டிகிரி. டிஸ்க் 1 காட்டுவது 50, டிஸ்க் 2 காட்டுவது 53. விடியற்காலை 6 மணிக்கு அறை 30, டிஸ்க்குகள் 44, 46. ஃபேன் சத்தம் குறைந்த மோடில் இருக்கு.

டேட்டாஷீட்டில் 65 வரை தாங்கும்னு போட்டிருக்கான். நெட்டில் தேடினால் 40 தாண்டினாலே ஆபத்துங்கிறாங்க. கத்திரி இன்னும் தொடங்கவே இல்லை. எந்த எண்ணை நம்பறது? சும்மா இருக்கும்போது டிஸ்க் சுற்றாமல் நிற்கிற மாதிரி வைத்தால் சூடு குறையுமா? இன்னொன்று, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 190ஆம் வரிசையில் மதிப்பு 47, மோசமான மதிப்பு 42 என்று இருக்கு. அது என்ன கணக்கு?

—

டிஸ்க்மேடை எழுதியது:

கடைசிக் கேள்வி சுலபம், அதை முதலில் முடித்துவிடலாம். சீகேட் டிஸ்க்குகளில் 190ஆம் வரிசையின் மதிப்பு என்பது 100-இலிருந்து வெப்பத்தைக் கழித்த எண். 47 என்றால் இப்போது 53 டிகிரி. மோசமான மதிப்பு 42 என்றால் அந்த டிஸ்க் ஒரு தடவை 58 டிகிரி பார்த்திருக்கு. மற்ற கம்பெனிகள் வேறு கணக்கு வைக்கும். அதனால் எப்போதும் 194ஆம் வரிசையின் மூல எண்ணை மட்டும் படியுங்க, அது நேரடியாக டிகிரி.

65 என்பது டிஸ்க் வேலை செய்யும் எல்லை. அதுவரை பிழையில்லாமல் படிக்கும், எழுதும் என்ற உத்தரவாதம். சில மாடலுக்கு 60, சிலதுக்கு 70. வருஷக்கணக்கில் அங்கேயே ஓட்டலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. 40 என்பது ஏசி போட்ட சர்வர் ரூம் ஆட்கள் பேசும் எண், சித்திரை மாசம் சேலத்து மேல்மாடியில் அது நடக்கிற காரியம் இல்லை. வீட்டுக்கு நான் சொல்லும் அளவு: 30 முதல் 45 வரை கவலையே வேண்டாம். 46 முதல் 50 வரை கோடையில் சில வாரம் போனால் போகட்டும். 50-க்கு மேல் தினமும் மணிக்கணக்கில் நிற்கிறது என்றால் ஏதாவது செய்தே ஆகணும். 60 தொட்டால் பெட்டியை அணைத்துவிட்டுத்தான் மறுவேலை.

ஆனால் இந்த எண்ணைவிட முக்கியமானது வித்தியாசம்: டிஸ்க் வெப்பத்திலிருந்து அறை வெப்பத்தைக் கழித்தால் வருவது. உங்கள் மதிய கணக்கு 14, 17. காலைக் கணக்கு 14, 16. அறை 6 டிகிரி மாறியும் வித்தியாசம் கிட்டத்தட்ட அப்படியே நிற்குது பாருங்க. டிஸ்க் எத்தனை வாட் சூடு விடுகிறது, அதை எவ்வளவு காற்று எடுத்துப்போகிறது என்பதைப் பொறுத்தது அது. அறை 36 ஆனாலும் 26 ஆனாலும் பெரிதாக மாறாது. காற்றோட்டம் ஒழுங்காக உள்ள இரண்டு பே பெட்டியில் 5400 டிஸ்க்குக்கு வித்தியாசம் 8 முதல் 11 இருக்கணும். 15-க்கு மேல் போனால் காற்று போகவில்லை, அதை நீங்களே சரிசெய்யலாம். 10-க்குள் இருந்தும் டிஸ்க் 50 காட்டினால் குற்றம் அறையுடையது. அப்போது ஃபேனை எத்தனை மாற்றினாலும் பிரயோஜனம் இல்லை.

உங்களுடையது முதல் வகை. அந்தத் தட்டில் நாஸ் 15–20 வாட், ரவுட்டர் 8–10 வாட், யுபிஎஸ் சும்மா நிற்கும்போதும் கொஞ்சம் என்று 30 வாட்டுக்குக் குறையாமல் சூடு வருது. உள்ளே வரும் காற்று 5 டிகிரிக்கு மேல் சூடாகாமல் 30 வாட்டை வெளியேற்ற நொடிக்கு சுமார் 5 லிட்டர் காற்று வேணும். ஒயர் ஓட்டை வழியாக அது போகாது. கதவு மூடியிருப்பதால் பின்பக்க ஃபேன் தள்ளின சூடான காற்றையே முன்பக்கம் திரும்ப இழுக்குது. அறையில் தெர்மாமீட்டர் 36 காட்டுது, ஆனால் நாஸ் சுவாசிக்கிற காற்று 41, 42 இருக்கும். சந்தேகம் இருந்தால் தெர்மாமீட்டரை நாஸ் முகப்புக்குப் பக்கத்தில் வைத்து, கதவை மூடி, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்க. டிஸ்க் கனமான உலோகம், மெதுவாகத்தான் சூடேறும், மெதுவாகத்தான் ஆறும். எதை மாற்றினாலும் ஒரு மணி நேரம் கழித்து அளந்தால்தான் கணக்கு சரியாக வரும்.

துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை டிஸ்க்கின் பளபளப்பான அலுமினிய உடம்பில் காட்டாதீங்க, உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். காட்டியே ஆகணும் என்றால் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அதன்மேல் அளக்கணும்.

இப்போது செய்ய வேண்டியது: நாஸைத் தட்டிலிருந்து வெளியே எடுங்க. சுவருக்கும் பின்பக்க ஃபேனுக்கும் நடுவே 10 செமீ இடைவெளி. யுபிஎஸ்ஸைத் தனியாகப் பிரியுங்க. சூடு அதற்கும் ஆகாது. உள்ளே இருக்கும் லெட் ஆசிட் பேட்டரிக்கு 25 டிகிரிதான் கணக்கு, அதற்கு மேல் ஒவ்வொரு 8–10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும். பிறகு கன்ட்ரோல் பேனலில் ஹார்ட்வேர் அண்ட் பவர் பகுதிக்குப் போய் ஃபேனை 'கூல்' மோடுக்கு மாற்றுங்க. கூடத்தில் சீலிங் ஃபேன் ஓடும்போது இந்தச் சத்தம் காதில் விழாது.

டிஸ்க் 2 மூன்று டிகிரி கூடுதலாக இருப்பதில் தப்பில்லை. உள்பக்கமாக, போர்டுக்கு அருகில் உள்ள பே எப்போதும் கொஞ்சம் சூடுதான். இரண்டுக்கும் நடுவே 6, 7 வந்தால் யோசிக்கணும்.

டிஸ்க்கை நிறுத்தி வைப்பது பற்றி: சுற்றாத டிஸ்க் 1 வாட்டுக்கும் குறைவாகத்தான் எடுக்கும், சூடு இறங்கும், உண்மை. ஆனால் டவுன்லோட், கேமரா பதிவு, ஃபோட்டோ இண்டெக்ஸ் என்று ஏதாவது ஒன்று அரை மணிக்கு ஒருமுறை எழுப்பிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தடவையும் மோட்டார் ஸ்டார்ட் ஆகும், சூடேறும், ஆறும். அந்த ஏற்ற இறக்கம் நிலையாக 45-இல் ஓடுவதைவிட மோசம். ராத்திரி 7, 8 மணி நேரம் யாரும் தொடாத நாஸ் என்றால் மட்டும் வையுங்க.

—

குகை_நெட்வொர்க் எழுதியது:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஒன்று விட்டுப்போச்சு: அம்மாபேட்டை என்றால் பஞ்சு. தெருவில் விசைத்தறி ஓடினால் அந்தப் பஞ்சுத் தூசி மெல்லிய இழையாக வந்து நாஸின் பக்கவாட்டுத் துளைகளிலும் ஃபேன் இறக்கையிலும் படியும். சாதாரண மண் தூசி ஊதினால் போய்விடும். பஞ்சு கம்பளி மாதிரி பின்னிக்கொள்ளும், துளை பாதி அடைத்த பிறகும் வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும். டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்க, வெளிச்சம் எவ்வளவு வருதுன்னு தெரியும்.

சுத்தம் செய்யும்போது முதலில் மெனுவிலிருந்து ஷட்டவுன், விளக்கெல்லாம் அணைந்த பிறகு பிளக்கைப் பிடுங்கணும். டிஸ்க் ட்ரேக்களில் 1, 2 என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வெளியே எடுங்க, எடுத்த இடத்திலேயே திரும்பப் போடணும். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டுதான் புளோயர் அடிக்கணும். பிடிக்காமல் அடித்தால் அது அளவுக்கு மீறிச் சுற்றும், பேரிங் போகும், மோட்டார் திரும்ப மின்சாரம் உண்டாக்கி போர்டுக்குள் அனுப்பும். பின்னிக்கொண்ட பஞ்சுக்கு ஒரு இஞ்ச் பெயிண்ட் பிரஷ், காய்ந்ததாக. வீட்டு வேக்குவம் கிளீனர் குழாயை போர்டு பக்கம் கொண்டுபோக வேண்டாம், ஸ்டாட்டிக் வரும். ஈரத்துணி வேண்டவே வேண்டாம்.

செவ்வாய்ப்பேட்டை பக்கம் வெள்ளிப் பட்டறை ஒட்டிய வீடுகளுக்கு வேறு தலைவலி. நைட்ரிக் ஆசிட் ஆவி செம்பையும் கனெக்டர் பின்னையும் அரிக்கும். அங்கே சூட்டைவிட அது சீக்கிரம் கொல்லும். பட்டறை பக்க ஜன்னல் உள்ள அறையில் நாஸ் வைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஃபேன் தேய்ந்து சத்தம் போட்டால் மாற்றலாம். இந்த வகைப் பெட்டிகளில் பெரும்பாலும் 92 மிமீ, 25 மிமீ தடிமன், 12 வோல்ட். வாங்குமுன் பழையதைக் கழற்றி ஒயர் மூன்றா நான்கா என்று எண்ணுங்க. மூன்றில் ஒன்று வேகத்தைச் சொல்லும் ஒயர். ரொம்ப மெதுவாகச் சுற்றும் 'சைலன்ட்' ஃபேன் போட்டால், பெட்டி அது நின்றுவிட்டதாக நினைத்து பீப் அடித்துக்கொண்டே இருக்கும். ஃபிரேமில் உள்ள அம்புக்குறி காற்று போகும் திசை. அது பெட்டிக்கு வெளியே காட்டணும். வெளியிலிருந்து யுஎஸ்பி ஃபேன் வைக்கிறவர்களும் இதே திசையில்தான் வைக்கணும். முன்னால் வைத்தால் உள்ளே தள்ளணும், பின்னால் வைத்தால் வெளியே இழுக்கணும். பின்பக்கம் வைத்து உள்ளே ஊதினால் இரண்டு ஃபேனும் மோதிக்கொண்டு, ஒன்றும் இல்லாததைவிட மோசமாகும்.

ஏர்கூலர் முன்னால் வைக்கும் யோசனை யாருக்காவது வந்தால் மறந்துவிடுங்க. நம்ம போர் தண்ணி உப்பு, துளி பட்ட இடமெல்லாம் வெள்ளை பூக்கும்.

—

பைட்_பையன் எழுதியது:

எல்லாரும் சூட்டைப் பார்த்து இவ்வளவு பயப்படத் தேவையில்லைன்னு நினைக்கிறேன். கூகுள் 2007-ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து வெளியிட்ட ஆய்வில் சூட்டுக்கும் பழுதுக்கும் பெரிய தொடர்பு இல்லைன்னுதான் வந்தது. குளிர்ச்சியாக இருந்தவைதான் அதிகம் போனதாம். ஆன்லைன் பேக்கப் கம்பெனி பேக்பிளேஸும் 2014-ல் பெரும்பாலான மாடல்களில் தொடர்பு இல்லைன்னு எழுதினாங்க. 53 எல்லாம் சாதாரணம், அலமாரியை உடைக்க வேண்டாம்.

—

டிஸ்க்மேடை எழுதியது:

அதே கூகுள் ஆய்வை முழுசாகப் படித்தால் இன்னொன்றும் இருக்கு. மூன்று வருஷம் ஓடிய டிஸ்க்குகளில், வெப்பக் கணக்கின் மேல் முனையில் பழுது விகிதம் ஏறுகிறது. அந்த மேல் முனை என்பதே 45-ஐத் தாண்டிய இடம்தான். பேக்பிளேஸ் டிஸ்க்குகளும் டேட்டா சென்டர் குளிரில் ஓடியவை. 25-க்கும் 35-க்கும் நடுவே வித்தியாசம் இல்லை என்பதை வைத்து 53-க்கும் இல்லை என்று சொல்ல முடியாது, அந்த ஆய்வுகளில் 53-இல் நின்ற டிஸ்க்குகள் முடிவு சொல்லும் அளவுக்கு இல்லை.

சூடு எங்கே கை வைக்கிறது என்றும் பார்க்கணும். சுழலும் மோட்டாரின் பேரிங் எண்ணெய் மேல் மிதக்குது. சூட்டில் அந்த எண்ணெய் இளகும், மெல்ல ஆவியாகும். படிக்கும் ஹெட், டிஸ்க்குக்குள் சுற்றும் தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில் பறக்குது. உலோகம் விரிவதால் அந்த இடைவெளி மாறும், டிஸ்க் தானே ஒரு சின்ன ஹீட்டரை வைத்துச் சரிசெய்யும். புது டிஸ்க் இதையெல்லாம் சமாளிக்கும். நான்கு வருஷம் ஆனது தடுமாறும். ரெய்டு 1-இல் இரண்டு டிஸ்க்கும் ஒரே நாளில் வாங்கியவை, ஒரே சூட்டில் ஓடியவை என்பதையும் சேர்த்து யோசிங்க. ஒன்று போய், புதியது போட்டு, நகல் எடுக்கும் அந்த 7, 8 மணி நேரம்தான் மிச்சமிருக்கும் பழைய டிஸ்க் அதிகபட்சமாகச் சூடாகும் நேரம்.

இதுவரை உங்கள் டிஸ்க் எவ்வளவு அடி வாங்கியிருக்கு என்பதை அதையே கேட்கலாம். எஸ்எஸ்ஹெச் (கணினியிலிருந்து நாஸுக்குக் கட்டளை கொடுக்கும் வழி) வழியாக உள்ளே போய் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையை டெவ்ஸ்டாட் என்ற டிஸ்க் புள்ளிவிவரப் பதிவுக்காக ஓட்டுங்க. சினாலஜியில் 'டி சாட்' ஆப்ஷனும் சூடோ என்ற நிர்வாகி உரிமையும் தேவைப்படும். ஐந்தாம் பக்கத்தில் வாழ்நாள் அதிகபட்ச வெப்பம், நிர்ணயித்த எல்லை, அந்த எல்லைக்கு மேல் கழித்த நிமிடங்கள் மூன்றும் இருக்கும். நிமிடக் கணக்கு பூஜ்யம் என்றால் நிம்மதி. கூடவே ஸ்மார்ட் பட்டியலில் டிஸ்க்கின் கெட்டுப்போன இடங்களை எண்ணும் 5, 197, 198 வரிசைகள். அவற்றில் பூஜ்யம் அல்லாத எண் ஏறிக்கொண்டே போனால் சூட்டை விடுங்க, பேக்கப்பைப் பாருங்க. 199 ஏறினால் அது கேபிள் அல்லது கனெக்டர், டிஸ்க் அல்ல.

—

ஏற்காடு_மிளகுக்கொடி எழுதியது:

இங்க மேல கதை தலைகீழா இருக்குதுங்க. சேர்வராயன் மலையில 1500 மீட்டர் உயரம், மே மாசத்துலயும் அறை 27, 28 தாண்டாது. டிஸ்க் 33 காட்டுது, மார்கழியில காலைல 24. ரெண்டு சந்தேகம்: இந்த உயரத்துல காற்று மெலிசா இருக்கறதால ஃபேன் சரியா குளிர்விக்குமா? மழைக்காலத்துல மேகமே வீட்டுக்குள்ள வருதுங்க, சுவரெல்லாம் ஈரம். அதுல டிஸ்க் என்ன ஆகும்? மாசம் ஒருக்கா பேக்கப் டிஸ்க்கை சேலத்துக்கு எடுத்துட்டுப் போய் வைக்கிற பழக்கமும் உண்டு.

—

டிஸ்க்மேடை எழுதியது:

உயரம் பிரச்சினையே இல்லை. டிஸ்க்குகளுக்கு சுமார் 3,000 மீட்டர் வரை அனுமதி. 1500 மீட்டரில் காற்றின் அடர்த்தி 14, 15 சதவீதம் குறைவு, அதனால் வித்தியாசம் 9 இருக்க வேண்டிய இடத்தில் 10 அல்லது 10.5 வரும். அறை பத்து டிகிரி குளிர்ச்சியாக இருக்கும்போது அது கணக்கிலேயே வராது.

ஈரம்தான் உங்கள் எதிரி, அதற்கு மருந்து டிஸ்க்கை நிறுத்தாமல் ஓட்டுவது. 18 டிகிரியில் 95 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று பெட்டிக்குள் போய் 28 டிகிரி ஆனால், அதே காற்றின் ஈரப்பதம் 52 சதவீதமாக இறங்கிவிடும். ஓடுகிற நாஸ் தன்னைத் தானே காயவைத்துக்கொள்ளும். அம்மாபேட்டைக்காரருக்கு 'ராத்திரி வேண்டுமானால் நிறுத்தலாம்' என்றேன், உங்களுக்கு ஜூன் முதல் டிசம்பர் வரை அதுவும் வேண்டாம். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுவது வீண், ஃபேன் வெளிக்காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும்போது அது எத்தனை ஈரத்தைத்தான் உறிஞ்சும்? வெளிச்சுவரை ஒட்டி வைக்காமல் உள்சுவர் பக்கம், தரையிலிருந்து ஒரு அடியாவது மேலே வையுங்க. புது டிஸ்க் வாங்கும்போது ஹீலியம் அடைத்த ரகம் கிடைத்தால் நல்லது, அதில் காற்றுத் துளையே கிடையாது, முழுக்க மூடி வெல்டு செய்தது. பெரிய கொள்ளளவுகளில்தான் வரும் என்பது குறை.

கீழே எடுத்துப்போகும் பேக்கப் டிஸ்க்தான் கவனம். 18 டிகிரியில் இருந்த டிஸ்க் ஒரு மணி நேரத்தில் சேலத்து 34 டிகிரி காற்றுக்கு வந்தால் அதன்மேல் பனி கோர்க்கும். ஏற்காட்டிலேயே அதை ஜிப் உள்ள ஆன்டி ஸ்டாட்டிக் உறையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்க. கீழே வந்த பிறகு உறையைப் பிரிக்காமல் மூன்று, நான்கு மணி நேரம் அப்படியே விடுங்க. பனி உறைமேல் கோர்க்கும், டிஸ்க்மேல் அல்ல. அதன் பிறகுதான் கரண்ட். இருபது கொண்டை ஊசி வளைவும் அதற்கு ஒன்றும் செய்யாது, ஸ்பாஞ்ச் வைத்த டப்பாவில் இருந்தால் போதும்.

—

அம்மாபேட்டை_மாடிவீடு எழுதியது:

நன்றி. நாஸை வெளியே எடுத்து மேசைமேல் வைத்து, ஃபேனை கூல் மோடுக்கு மாற்றியாச்சு. பக்கவாட்டுத் துளையில் பஞ்சு நிஜமாகவே பாய் மாதிரி இருந்தது, பிரஷ் போட்டு எடுத்தேன். இப்போது அறை 36.5, டிஸ்க்குகள் 45, 47. டெவ்ஸ்டாட்டில் அதிகபட்சம் 58, எல்லைக்கு மேல் நிமிடம் 0. 5, 197, 198 மூன்றும் 0.

மே மாசம் இந்த அறை 40 தொடும், அப்போது 50-ஐத் தாண்டுமே? எச்சரிக்கை மெயில் எந்த எண்ணில் வைக்கணும்? டேட்டா ஸ்கிரப் (டிஸ்க்கில் உள்ளதைப் படித்துப் பிழை தேடும் வேலை) மாசா மாசம் ஓடும்படி இருக்கு, அதை என்ன செய்யறது?

—

டிஸ்க்மேடை எழுதியது:

வித்தியாசம் 8.5, 10.5 ஆயிடுச்சு. பெட்டியிடமிருந்து இதற்கு மேல் கறக்க முடியாது, இனி மிச்சம் அறைதான். நாஸ் நீங்கள் உட்காரும் அறையில் இருக்கணும் என்ற கட்டாயம் இல்லையே. கிகாபிட் வேகத்தில் கேட் 6 கேபிள் 100 மீட்டர் வரை போகும். கீழ்த்தளம் உங்கள் கையில் இருந்தால், அங்கே வடக்குச் சுவர் ஓரமாக, வெயில் படாத, சமையலறை ஒட்டாத ஓர் இடம் பாருங்க. ஏற்கெனவே உள்ள பைப் வழியில் கேபிளை இறக்கலாம், கரண்ட் ஒயர் போகும் அதே பைப்பில் மட்டும் வேண்டாம். மேல்மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் கோடையில் 4, 5 டிகிரி வித்தியாசம் சாதாரணமாக இருக்கும், எந்த ஃபேனும் அதைத் தராது. இறக்க வழியில்லை என்றால் தளத்துக்கு வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட். நாஸுக்காக அடித்தாலும் வீட்டில் உள்ளவர்களுக்கும் உதவும்.

படுக்கையறை ஏசிக்குள் வைக்கலாமா என்று அடுத்து கேட்பீங்க. வைக்கலாம், ஆனால் ஏசி காற்று நேரே அடிக்காத மூலையில். ஓடும் டிஸ்க்குக்கு மணிக்கு 20 டிகிரிக்கு மேல் ஏற்ற இறக்கம் கூடாது. ராத்திரி மட்டும் ஏசி போடும் அறையில் அந்த அளவுக்குப் போகாது.

ஸ்கிரப்பும் நீண்ட ஸ்மார்ட் டெஸ்டும் டிஸ்க்கை முழுசாகப் படிக்கும், 2 முதல் 4 டிகிரி ஏற்றும். 4 டிபியை சராசரி நொடிக்கு 150 எம்பி வேகத்தில் படித்தால் ஏழரை மணி நேரம் ஆகும். காலை 3 மணிக்குத் தொடங்கினால் முடிவதற்குள் வெயில் ஏறிவிடும். அதனால் ராத்திரி 11 மணி. மாசா மாசம் தேவையில்லை, மூன்று மாசத்துக்கு ஒருமுறை போதும். பிப்ரவரி கடைசியில் ஒன்று, அடுத்தது ஜூன் மழைக்குப் பிறகு. ஏப்ரல், மே இரண்டையும் விட்டுவிடுங்க. ஸ்மார்ட் டெஸ்டையும் ஸ்கிரப்பையும் ஒரே ராத்திரியில் போடாதீங்க.

எச்சரிக்கையை 45-இல் வைத்தால் கோடை முழுக்க மெயில் வந்துகொண்டே இருக்கும், பத்தாவது மெயிலுக்குப் பிறகு நீங்களே படிக்க மாட்டீங்க. உங்கள் இடத்துக்கு 52-இல் தகவல், 57-இல் அவசரம். ஓப்பன்மீடியாவால்ட் மாதிரி நாஸ் மென்பொருள் போட்டு சொந்தமாகக் கட்டிய பெட்டிக்காரர்களுக்கு மூன்றாவதாக ஒரு எண் இருக்கு: கடைசி அறிக்கைக்கும் இப்போதைக்கும் நடுவே எத்தனை டிகிரி மாறினால் சொல்லணும் என்பது. அதை 6 வையுங்க. ஃபேன் திடீரென்று நின்றுபோனால் 52-ஐத் தொடும் முன்பே அந்த எண்தான் காட்டிக்கொடுக்கும். டிசம்பரில் ஃபேன் நின்றால் டிஸ்க் 52-க்குப் போகாமலே 44-இல் நின்றுகொண்டு ஒன்றுமே தெரியாமல் ஓடும், அதனால் குளிர்காலத்திலும் மாசம் ஒருமுறை அறை வெப்பத்தையும் டிஸ்க் வெப்பத்தையும் கழித்துப் பாருங்க. 14-க்கு மேல் ஏறியிருந்தால் திரும்பவும் டார்ச்சும் பிரஷ்ஷும்தான்.